யார்மிலாவின் இரண்டாம் நடை

ஞாயிற்றுக்கிழமை கணவனோடு நடந்த பாதையைச் செவ்வாய்க்கிழமை தனியே மறுபடி நடந்து வருவது யார்மிலாவுக்கு வழக்கமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. வசந்தத்தில் காட்டுப் பூண்டு இலை, கோடையில் பெர்ரிப் பழம், அதற்குப் பிறகு காளான். காளானுக்குப் போகிறேன் என்பவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்பது எங்கள் ஊரில் நாகரிகமில்லை. கட்டிய கணவனும் கேட்க மாட்டான். கூடையின் அடியில், துணிக்குக் கீழே, ஊறுகாய் வெள்ளரிக்காய் வந்த கண்ணாடிக் குப்பிகள் மூன்று இருக்கும். ஒன்றில் பச்சை வண்ணம், இன்னொன்றில் நீலம், மூன்றாவதில் வெள்ளை.

அவள் கணவன் விலேம், சாஸவா ஆற்றோர ரயில் பாதையில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலந்தொட்டே, விடுமுறை நாள்களில் ஊர் நடைக் கழகத்துக்காகக் காட்டுப் பாதைகளுக்குக் குறி போட்டு வந்தான். மரப்பட்டையைச் சுரண்டிவிட்டு, உள்ளங்கை அளவுக்கு மூன்று கோடுகள்: மேலும் கீழும் வெள்ளை, நடுவே அந்தப் பாதையின் நிறம். மழையும் பாசியும் தின்றுவிடுவதால் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. ஆண்டுக் கடைசியில் கழகக் கூட்டத்தில் ஒரு கைதட்டலும் வறுத்த வாத்தும் உண்டு.

விலேமின் பொறுப்பில் இருந்தவற்றில் முக்கியமானவை ஓல்ஷின்கா ஓடைப் பள்ளத்தாக்கின் இரண்டு பாதைகள். பச்சைப் பாதை ஓடையோரமாகவே தடுப்பணையைக் கடந்து பழைய ஆலையின் புல்வெளிக்குப் போவது; குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். நீலப் பாதை காக்கைப் பாறைக்கு ஏறுவது; அங்கே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய இடமும் உண்டு. ரயில் நிலையத்திலிருந்து இரண்டும் ஒன்றாகவே வந்து, மரப்பாலத்தைத் தாண்டியதும் பிரியும். பிரியும் இடத்தில் பலகை இல்லை. மரங்கள் இருக்கின்றன, மரங்களில் குறி இருக்கிறது, அது போதும் என்பது எல்லாருடைய எண்ணம். தலைநகரான பிராகாவிலிருந்து குழந்தைகளோடு வருகிறவர்கள் வரைபடத்தைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை. "பச்சையில போறோம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பச்சை இழுத்த இழுப்புக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அடுத்த குறியை முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு வேஃபர் பிஸ்கட் கிடைக்கும்.

யார்மிலா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஊரின் இளவட்டங்கள் எல்லாரும் அவள் கையால் மாவு உருண்டையும் குழம்பும் தின்று வளர்ந்தவர்கள். இப்போதும் தெருவில் அவளைக் கண்டால், தட்டில் மீதி வைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களைப்போல் கொஞ்சம் நெளிவார்கள். விலேமை அவள் முதன்முதலாகப் பார்த்ததும் ஒரு மரத்தடியில்தான். கழகத்துக்கு ஆள் தேவை என்று தோழி ஒருத்தி இழுத்துப் போயிருந்தாள். தூரிகையோடு நின்ற அவளைப் பார்த்து, அந்நாளில் எஞ்சினில் கரி தள்ளும் வேலையில் இருந்த விலேம், "ஏம்மா, பெயின்ட் அடிக்க வந்தியா, சூப்பு கிண்ட வந்தியா?" என்றான்.

"நீ வாய மூடுனா ரெண்டும் செய்வேன்" என்றாள் இவள்.

அன்றே வேலையும் பிரிந்துவிட்டது. சுரண்டுவதும் வெள்ளை அடிப்பதும் அவளுக்கு, நிறம் அவனுக்கு. அதற்குப் பிறகு திருமணம் நடந்தது, மகள் ஹெட்விகா பிறந்து வளர்ந்து பிராகாவுக்குக் குடிபோனாள், நாட்டின் பெயரே ஒருமுறை மாறியது. இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஹெட்விகா பிறந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் அம்மா, அப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துத் தம்பதிகள் பலரும் அப்படித்தான்.

முதல் பிழை நேர்ந்தது ஓர் ஏப்ரல் மாதம், அந்தப் பாலத்தருகே. விலேம் இடுப்பில் தொங்கிய குப்பியில் தூரிகையைத் தோய்த்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்து, இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"பாத்தியா அம்மா? ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி."

கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் மரம் பச்சைப் பாதையின் மரம், கோடு நீலம். வேடிக்கை செய்கிறான் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்த யார்மிலா, அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். வேடிக்கை இல்லை. திரும்பும் வழியில் அவன் பக்கத்து வீட்டின் முன்னால் நின்றான்.

"இந்தப் ப்ரோஷெக்குக்கு என்ன ஆச்சு? ஜன்னல் கதவுக்கெல்லாம் சாம்பல் கலர் அடிச்சிருக்கான். சாவு வீடு மாதிரி இருக்கு."

ப்ரோஷெக்கின் ஜன்னல் கதவுகள் வான நீலம். முந்தின வாரம்தான் அடித்திருந்தார்கள்.

விலேமுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ளும்படி மருத்துவர் கொடுக்கும் சீட்டைத் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைப்பான். அது தானாக எங்காவது விழுந்து தொலைந்துபோகும். எஞ்சின் ஓட்டியவனின் கண்ணை யாரும் சோதிக்க வேண்டியதில்லை என்பது அவன் கட்சி.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஹெட்விகா பின்னாளில் கேட்டபோது, யார்மிலா ஹினெக்கின் கதையைத்தான் பதிலாகச் சொன்னாள். ஹினெக்கும் எஞ்சின் ஓட்டியவன். கண் சோதனையில் நிறம் தவறிப்போய், அவனை இறக்கி நடைமேடை பெருக்கும் வேலையில் போட்டார்கள். விலேம் தன் ரயில் அங்கே நிற்கும்போதெல்லாம் எஞ்சின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "ஹினெக், சிக்னல் என்ன கலர்டா? தெரியலன்னா தொடப்பத்தக் கேட்டுச் சொல்லு!" என்பான். நடைமேடையே சிரிக்கும். ஹினெக்கும் சிரிப்பான். ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டான். கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாளில் ஹினெக் சிரித்த அந்தச் சிரிப்பை யார்மிலா அருகிலிருந்து பார்த்திருக்கிறாள். பிறரை அளந்த கோலால்தான் விலேம் தன்னையும் அளந்துகொள்வான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் காட்டுப் பூண்டு இலை பறிக்கப் போவதாகச் சொல்லி, நிலவறையில் மீந்து கிடந்த வண்ணத்தைக் குப்பிகளில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். நீலத்தைச் சுரண்டி, வெள்ளை அடித்து, அது காயும்வரை பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் வைத்த ரொட்டியைத் தின்றபடி காத்திருந்து, தன் வாழ்நாளின் முதல் நிறக்கோட்டை இழுத்தாள். கோட்டின் கடைசி சற்று மேலே ஏறிக்கொண்டது. யாராவது வரும் அரவம் கேட்டால் குப்பியைக் கூடைக்குள் தள்ளிவிட்டுக் குனிந்து தரையைத் துழாவுவாள்.

"அஹோய்! ஏதாவது கெடச்சுதா?" என்று வணக்கம் சொல்லிக் கேட்பார்கள் நடந்து வருகிறவர்கள்.

"அஹோய்! எங்க, புழுவுக்கே பத்தல" என்பாள்.

இவ்வாறு இரண்டு ஆண்டுகள். விலேமுக்குத் தெரியவும் கூடாது, எந்தக் குழந்தையும் தவறான பக்கம் ஏறிவிடவும் கூடாது. இரண்டையும் ஒரே கூடையில் வைத்துச் சுமந்தாள். இரவில் மழைச் சத்தம் கேட்டால், எந்த மரத்தை விட்டுவிட்டோம் என்று மனம் பாதை நெடுகப் போய் வரும்.

நிறம் தெரியாதவனுக்குக் கோட்டை இழுத்த கை தெரிந்தது. அவள் எதிர்பார்க்காதது அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விலேம் பாலத்தடி மரத்தின்மேல் விரலை ஓட்டியபடி நெடுநேரம் நின்றான்.

"இது நம்ம கை இல்ல."

"யாரு கை பின்ன? மரத்துக்குத் தானா மொளைக்குமா?"

"கடைசியில வாலத் தூக்குது பாரு, நாய் மாதிரி. நான் என்னிக்காவது இப்படிப் போட்டிருக்கேனா? எவனோ என் மரத்துல கை வெக்கிறான் அம்மா."

அக்கரை ஊர்க் கழகத்துக்காரர்களின் வேலை என்று முடிவு கட்டி, மதுக்கடையில் கழகத் தலைவன் ஆல்பீனிடம் முறையிட்டான். ஆல்பீன் பீர்க் குவளையைக் கீழே வைக்காமலேயே கேட்டான்.

"ஏன்டா விலேம், ஊர்ல ஒவ்வொருத்தனும் சொந்த வேலிக்குப் பெயின்ட் அடிக்கவே அழுவுறான். உன் மரத்துக்கு ஓசியில வந்து அடிக்கிறானா ஒருத்தன்? அவனப் புடிச்சுக் குடு. என் வீட்டு வேலி நாலு வருஷமா காத்துக் கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். யார்மிலாவும் சிரித்தாள்.

அடுத்த மே மாதக் கடைசியில் ஹெட்விகாவின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, யார்மிலா ஒரு வாரம் பிராகாவில் தங்க நேர்ந்தது. ஜூன் முதல் சனிக்கிழமை பச்சைப் பாதையில் குழந்தைகள் நடை. கழகத்தின் ஆண்டுப் பெருநாள் அது. பிராகாவுக்குக் கிளம்பும் முன் பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. நிம்மதியாகத்தான், சனிக்கிழமை இரண்டாவது ரயிலில், நடைக்கு வந்த குடும்பங்களோடு குடும்பமாக ஊரில் வந்து இறங்கினாள். ரயில் முழுக்க ரொட்டிக்குள் வைத்த வறுத்த இறைச்சியின் வாசனை. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தது. ஆறு பழுப்பாக ஓடியது.

நிலையத்து வாசலில் மேசை போட்டு, விலேம் பிள்ளைகளின் அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து வந்து கன்னத்தில் முத்தமிட்டான். அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியைப் பார்த்து நாளாகியிருந்தது.

"வியாழக்கிழமை போனேன் அம்மா. தனியா. பாலத்துலேருந்து அந்தப் பக்கம் பாறை வரைக்கும், இந்தப் பக்கம் தடுப்பணை வரைக்கும், அந்தத் திருட்டுக் கைய மொத்தமாச் சுரண்டி எறிஞ்சிட்டேன். இப்ப அத்தனையும் என் கை. இனிமே எவனையாவது தொடச் சொல்லு பாப்போம்."

"குப்பி... எது எதுன்னு பாத்துத்தான எடுத்த?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, வெள்ளை தீந்துபோயிருக்குமோன்னு."

"வெள்ளையும் நானே அடிச்சேன். நீ இத்தன வருஷமாக் காட்டுன வித்தை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, தெரிஞ்சுக்க."

"மொத ரயில்காரங்க போயாச்சா?"

"போய் ரொம்ப நேரம் ஆச்சு."

"கொழந்த வண்டியோட யாராவது?"

"ஒண்ணு போச்சு. செவப்பு வண்டி. ஏன்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கழகத்தின் சின்னம் குத்திய தொப்பியோடு, கையில் முத்திரைக் கட்டையோடு நின்றான் அவன். "ஆல்பீனுக்கு ரொட்டி கொண்டு போறேன்; பசியில கெடப்பான்" என்று சொல்லி யார்மிலா கிளம்பிவிட்டாள். ஆல்பீன் அன்று பச்சைக் கோட்டணிந்து, தடுப்பணையில் காலைத் தொங்கவிட்டு, தண்ணீர்ப் பூதமாக வேடம் போட்டு உட்கார்ந்திருந்தான். மூடிய மண்சட்டிகளைப் பிள்ளைகள் திறந்து, கதைப்படி பூதம் உள்ளே சிறைவைத்திருக்கும், நீரில் மூழ்கியவர்களின் ஆவிகளை விடுதலை செய்துவிட்டு மிட்டாயை எடுத்துக்கொள்வார்கள்.

நிலையத்தின் வளைவைத் தாண்டியதும் ஓடினாள். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக, மரமறுக்கும் ஆலையின் பின்புறமாகப் போகும் குறுக்குவழி அவளுடைய செவ்வாய்க்கிழமைகளின் வழி. பாலத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

அழகான குறிகள். விளிம்பு பிசகாமல், வழியாமல், அச்சிட்டாற்போல. ஓடையோரம் போகிற பாதையில் நீலம். பாறைக்கு ஏறுகிற பாதையில் பச்சை.

ஈர மண்ணில் காலடிகள் பெரும்பாலும் ஓடையோரமாகவே போயிருந்தன. உள்ளூர்க்காரர்கள் குறியைப் பார்க்காமல் பேச்சு சுவாரசியத்தில் போயிருப்பார்கள். ஆனால் வண்டிச் சக்கரத்தின் இரட்டைத் தடம் மேலே ஏறியிருந்தது.

பாறைப் படிகள் தொடங்குமிடத்தில் அவர்களைப் பிடித்தாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு தகப்பன் சிவப்பு வண்டியைப் பின்னோக்கி நடந்தபடி மேலே இழுத்துக்கொண்டிருந்தான். மனைவி முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வண்டிக்குள் கைக்குழந்தை உறங்கியது.

"நில்லுங்க! இது இல்ல பாதை. திரும்புங்க!"

"வணக்கம்" என்றான் அவன், மூச்சு வாங்க. "இதுதான் பாதை. பச்சை."

"பச்சை அந்தப் பக்கம். இது நீலப் பாதை."

"எனக்குக் கண்ணு இருக்கும்மா. இதோ பச்சை, அதோ பச்சை. கொஞ்சம் செங்குத்தா இருக்கேன்னு நானும் நெனச்சேன். ஆனா குறி இருக்கே. வண்டி போகும்னு அட்டையிலயே போட்டிருக்கீங்க."

கண்முன்னால் சங்கிலி தொங்குகிறது. கீழே ஆறு இரைகிறது. மரத்தில் பச்சை இருக்கிறது என்பதற்காக அந்த மனிதன் குழந்தை வண்டியைப் பாறைமேல் இழுத்துக்கொண்டிருந்தான். யார்மிலாவால் அவனைக் குறைசொல்ல முடியவில்லை. அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தவர்களே அவளும் விலேமும்தான்.

"நீங்க இவ்வளவு பேர்தானா?"

"டோர்கா முன்னாடி போயிருக்கா" என்றாள் மனைவி. "அடுத்த குறியத் தேட."

யார்மிலா அவர்களைத் தாண்டிப் போனாள். திருப்பத்துக்கு அப்பால் பாதை ஒரு முழ அகலத்துக்குக் குறுகி, பாறையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். அங்கே, வளைவின் மறுமுனையில், ஆறு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

"கண்டுபுடிச்சிட்டேன்! எனக்குத்தான் வேஃபர்!" என்று கத்திவிட்டு, திரும்பி ஓடி வருவதற்காகக் கையை விட்டாள்.

"டோர்கா! நின்ன எடத்துலயே நில்லு. மரத்தப் புடி!"

முந்நூறு பிள்ளைகள் கூச்சலிடும் சாப்பாட்டுக் கூடத்தை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் அது. சிறுமி மரத்தை மறுபடி கட்டிக்கொண்டாள். யார்மிலா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, முட்டிகள் சொன்னதைக் கேட்காமல், அடிமேல் அடி வைத்துப் போனாள். அவள் காலடியிலிருந்து ஒரு கல் நழுவி விழுந்தது. அது தண்ணீரைத் தொட்ட சத்தம் ஆற்றின் இரைச்சலில் கேட்கவே இல்லை. சிறுமியைப் பாறைப் பக்கமாக விட்டு, தன் உடம்பை வெளிப்பக்கம் வைத்துத் திரும்பி வந்தாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டது குழந்தை. "சூனியக்காரியா? இன்னும் யாரெல்லாம் வேஷம் போட்டிருக்காங்க?"

"ஆமா. கீழ வந்து சேரு, சொல்றேன்."

பாலத்தடிக்கு வந்து, தெர்மாஸிலிருந்து தேநீரை ஊற்றிக் குடித்த பிறகுதான் அந்தத் தகப்பனுக்குக் கோபம் வந்தது. யார்மிலா பிரியும் இடத்தில் நின்றுகொண்டு, இரண்டாம் ரயிலில் வந்தவர்களை ஒவ்வொரு குடும்பமாக ஓடையோரம் அனுப்பினாள். "குறியப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. இந்தப் பக்கம்." எல்லாருக்கும் கடைசியாக, யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு வரும் ஆளாக, விலேம் வந்தான். தன் குறிகளின் கீழே நின்று மனைவி ஆள்களைத் திருப்பிவிடுவதைப் பார்த்து நின்றான்.

"நீங்க கழகத்துக்காரர்தானே?" கண்ணாடிக்காரன் எழுந்துவிட்டான். "எந்தக் குருடன் இந்தக் குறியப் போட்டான்? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"நான்தான் போட்டேன்" என்றாள் யார்மிலா. "ரெண்டு குப்பியும் மாறிப்போச்சு. என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

விலேம் அவளைப் பார்த்தான். பிறகு அந்த மனிதனைப் பார்த்தான்.

"இவ இல்ல" என்றான். "இவ ஒரு வாரமா பிராகாவுல இருந்தா. வியாழக்கிழமை நான்தான் போட்டேன்."

"அப்போ உங்களுக்குப் பச்சை எது, நீலம் எதுன்னு..."

மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "விடு, போலாம்." அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடையோரமாகப் போனார்கள். சிறுமி மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

அதன்பின் அங்கே நடந்த பேச்சை இருவரும் பின்னாளில் தனித்தனியே சொன்னபோது, ஏறக்குறைய ஒன்றுபோலவே சொன்னார்கள்.

விலேம் ஓடையோர மரத்தருகே போய்க் கோட்டின்மேல் விரலை வைத்தான். "இது என்ன?"

"நீலம்."

"அது?"

"பச்சை."

அவன் விரலைக் கோட்டின் கடைசிவரை ஓட்டினான். "அப்போ அந்தக் கை..."

"என்னுது."

"வாலத் தூக்குற கை."

"ம்."

"எப்பலேருந்து?"

"போன வருஷத்துக்கு முந்துன ஏப்ரல்லேருந்து."

"காளானுக்குன்னு போனதெல்லாம்?"

"காளானும் பறிச்சுக்கிட்டுத்தான் வந்தேன் அப்பா."

"ஆமா, வறுத்துப் போட்ட. தின்னேன்." அவன் தொப்பியைக் கழற்றி உள்புறத்தைப் பார்த்தான். "ஆல்பீனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஹெட்விகாவுக்கு?"

"யாருக்குமே தெரியாது."

"எனக்கும்தான்" என்றான் விலேம்.

யார்மிலா ஹினெக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான். சுரண்டியை எடுத்து, தான் போட்ட குறிகளை அந்த இடத்திலேயே சுரண்டத் தொடங்கினான். வெள்ளை, நிறம், பட்டை எல்லாம் உதிர்ந்து வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினான். பாறைப் பக்கம் போகும்போது, கூட வந்தவளை, "இங்கயே இரு. யாராவது வந்தா வழி சொல்லு" என்று நிறுத்திவிட்டான். அவன் சங்கிலிப் பாதையில் போய்த் திரும்பி வரும்வரை யார்மிலா ஆற்றின் இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிற்பகலில் ஆலைப் புல்வெளியில் நெருப்பு மூட்டி, பிள்ளைகள் குச்சியில் குத்திய கொத்திறைச்சிக் குழல்களை வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆல்பீன் முகத்தில் பச்சைச் சாயத்தோடும், தண்ணீர் சொட்டும் கோட்டு வாலோடும் வந்து விலேமின் முதுகில் தட்டினான். விலேம் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னான்.

"ஆல்பீன், இனிமே என் பாதைய வேற யாருக்காவது குடு. எனக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியல."

"எனக்கு நாலு பீர் உள்ள போனா என் பொண்டாட்டிக்கும் எஞ்சினுக்குமே வித்தியாசம் தெரியாதுடா" என்றான் ஆல்பீன். சுற்றிலும் சிரித்தார்கள். விலேம் சிரிக்கவில்லை. ஆல்பீன் யார்மிலாவைப் பார்த்தான், அவளும் சிரிக்கவில்லை. பச்சை முகத்தில் அவன் சிரிப்பு மெல்ல அவிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருப்பைக் கிளறப் போனார்கள்.

வீடு திரும்பும்வரை விலேம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கரையில நம்ம பொறுப்புல இருக்குற பச்சைப் பாதைக்கு, போன அக்டோபர்ல, உனக்கு முட்டி வீங்கியிருந்தப்ப நான் தனியாப் போய் அடிச்சேனே. அங்க பின்னால போய்ப் பாத்தியா?"

"இல்ல. நடக்க முடியல. அப்புறம் பனி வந்துடுச்சு." பனி உருகிய பிறகும் அவள் போகவில்லை. அது பெரியவர்கள் மட்டுமே நடக்கும் பாதை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அங்க என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

மறுநாள் காலை முதல் ரயிலில் இருவரும் அக்கரைக்குப் போனார்கள். அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். முதல் மரத்தில் நின்று, "இது?" என்றான்.

"சரியா இருக்கு."

"சரியா தப்பான்னு நான் பாத்துக்கறேன். நிறத்த மட்டும் சொல்லு."

"பச்சை."

அடுத்த மரம், "பச்சை." அதற்கடுத்தது, "நீலம்." அவன் சுரண்டினான். இவ்வாறு காட்டின் உள்ளே வெகுதூரம் போனார்கள். தவறானவை அவள் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் இருந்தன. கிளையில் தலை இடிக்கப் போனபோது "பாத்து அப்பா" என்றாள். அவன் குனிந்து போனான்.

இரண்டு பாதைகள் குறுக்கிடும் ஓரிடத்தில், ஒரு பெரிய பீச் மரத்தின் முன்னால் நின்றான்.

"இது?"

"பச்சை."

விலேம் நகரவில்லை. சுரண்டியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். எதிரே ஓர் இளம்பெண் நாயோடு வந்தாள்.

"அஹோய்."

"அஹோய்" என்றான் விலேம். "ஒரு நிமிஷம், தங்கச்சி. இந்தக் குறி என்ன கலர்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

அவள் மரத்தைப் பார்த்தாள். வண்ணக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் யார்மிலாவைப் பார்த்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து மெல்லச் சிரித்தாள்.

"பச்சை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பச்சைதாங்க."

"நன்றி" என்று விலேம் தொப்பியைத் தொட்டான். அந்தப் பெண்ணும் நாயும் போய் மறையும்வரை யார்மிலா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில்லாத காட்டில் அவள் முகம் கொதித்தது.

அடுத்த மரத்துக்கும் அவள் பச்சை என்றாள். விலேம் பாதையின் இரு பக்கமும் பார்த்தான். யாரும் வரவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, மரத்தின் வேரில் உட்கார்ந்து, யாராவது வரட்டும் என்று காத்திருந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யார்மிலாவும் எதிர்ப்பக்கத்து வேரில் உட்கார்ந்தாள்.